சாமைச் சோறும் ஒரு வித்தையே

கையில் காசு சுருங்கும் காலத்திலும் கடைப் பொட்டலத்தையே நாடி நிற்கும் நம் குடும்பங்கள், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் மானாவாரியாக விளையும் சாமையை உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, கல் அரித்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் கொதித்த பின்பே இட்டு, சிறு தீயில் மூடி வேகவைக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் சாமர்த்தியத்தைச் சற்றே கவனிக்கலாம். மீந்ததில் நீரூற்றி வைத்தால் மறுநாள் காலை ஆகாரமும் ஆயிற்று. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது சந்தோஷமே. ஆனால் கல் அரிக்கத் தெரியாத பிள்ளைக்கு மலிவான தானியம் கிடைத்தும் பிரயோஜனம் என்ன? ஆணாயினும் பெண்ணாயினும் பத்து வயதிலேயே இந்த அப்யாசம் வேண்டுமென்பது என் அபிப்பிராயம்; முதல் நாள் சோறு குழைந்தால் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிடலாம்.