மூணாவது தடவை வந்த வெள்ளைப் பூ

வேலும் மயிலும் துணை.

நம்மில் பலர் வீட்டுல பூ கட்டிப் போட்டுப் பார்த்திருப்போம். எங்க வீட்டுல வெள்ளை வந்தா சரி, சிவப்பு வந்தா வேண்டாம். ரெண்டு வருஷம் முன்னாடி, அப்பா ரிட்டயர் ஆனப்போ வந்த பணத்தை ஒரு பிசினஸ்ல போடலாமான்னு கேட்க வேண்டியிருந்தது. வடபழனி போய்ட்டு வந்து, அசோக் நகர் வீட்டு பூஜை அலமாரியில முருகன் படத்துக்கு முன்னாடி ரெண்டு பொட்டலம் வெச்சேன். அக்கா பொண்ணு எடுத்தா. சிவப்பு. "சரியா குலுக்கலை"ன்னு சொல்லி மறுபடி போட்டேன். அதுவும் சிவப்பு. மூணாவது தடவை வெள்ளை. "முருகன் உத்தரவு கொடுத்துட்டார்ப்பா"ன்னேன். பணம் போச்சு.

2012-ல லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல டாலி ஷாரட் குழு செஞ்ச ஒரு ஆய்வைப் படிச்சேன். திருட்டு, நோய் மாதிரி கெட்டது உங்களுக்கு நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு கேட்கிறாங்க. அப்புறம் பொதுவான சராசரியைச் சொல்லி, மறுபடி கேட்கிறாங்க. நினைச்சதை விட நல்ல சேதின்னா நாம உடனே கணக்கை மாத்திக்கிறோம். கெட்ட சேதின்னா கொஞ்சம்தான் நகர்றோம். இந்தச் சாய்வு நம்மில் பெரும்பாலானவங்ககிட்ட உண்டு. அவங்க தலைக்கு வெளியே காந்தச் சுருளை வெச்சு, இடது முன்மூளையில ஒரு சின்ன இடத்தோட வேலையைக் கொஞ்ச நேரம் கலைச்சாங்க. கத்தி, ஊசி எதுவும் இல்லை. சாய்வு காணாம போச்சு. கெட்ட சேதியும் மனசுல ஏறுச்சு.

அப்போ தப்பு என்னோடதா, அந்த இடத்தோடதா?

முதல்ல எனக்கு நிம்மதியாத்தான் இருந்தது. யாரு கேட்டாலும் மூளைன்னு சொல்லிடலாம் இல்ல! ஆனா சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் எழுதின ஒரு பாட்டியோட கதை அந்த நிம்மதியைக் கெடுத்துடுச்சு. பக்கவாதத்துல இடது கை விழுந்தும், நல்லாத்தான் இருக்குன்னே சொல்வாங்க. இடது காதுல ஐஸ் தண்ணி விட்டு மூளையைத் தூண்டினதும், பல நாளா கை அசையலைன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த வேகம் அடங்கினதும் பழையபடி மறுத்தாங்க. ஒத்துக்கிட்டதையே இல்லைன்னாங்க. அவங்க மேல யாரு குத்தம் சொல்ல முடியும்? உண்மை அவங்ககிட்ட தங்கவே இல்லை.

எனக்கு ரெண்டு சிவப்பும் இன்னிக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. சிவப்பு வந்தப்போ குலுக்கினது சரியில்லைன்னு சொன்னவன், வெள்ளை வந்தப்போ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. சாய்வு என்னை அந்தப் பக்கம் தள்ளியிருக்கலாம். மூணாவது பொட்டலத்தைக் கட்டினது என் கைதான்.

அன்னிக்கு யாராவது காந்தத்தை வெச்சிருந்தா பணம் மிஞ்சியிருக்கும். அப்பாவுக்காக அதுக்குச் சம்மதிச்சிருப்பேன். ஆனா அப்பாகிட்ட முழுசா சொல்லாம விட்டதுக்கு எந்தக் காந்தம்?

அப்பாவும் இந்த குரூப்ல இருக்கார். அப்பா, முதல் ரெண்டு தடவை சிவப்புதான் வந்துச்சு.