முறையிடாத குழாய்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நாளடைவில் ஒருவிதச் சகிப்புத்தன்மை வந்துவிடுகிறது. எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிவது அந்த ஜாதி வண்டியின் சுபாவம் என்று சொல்லிக்கொண்டு, வண்டி நிற்கும் இடத்தில் ஒரு தகரத்தட்டை வைத்துவிட்டு, அதோடு அந்த விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நிற்கும்வரை நம் தேசத்துச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்த அம்பாசடரைப் பற்றி இந்த வார்த்தையை நான் பலர் வாயிலாகக் கேட்டதுண்டு. என்னிடமும் அந்த வண்டி ஒன்று இருக்கிறது. அதன் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது. ஒழுங்காக எண்ணெய் மாற்றி வந்தால் அந்த இரும்பு நம்மையெல்லாம் தாண்டி வாழக்கூடியது. முதுமை அடைவது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் காகிதமும், தக்கையும், ரப்பருமே.

எவ்வளவுதான் நுணுக்கமாகக் கடைந்து மட்டம் செய்தாலும், இரண்டு உலோக முகங்கள் நீரும் காற்றும் புகாதபடி தாமாகப் பொருந்துவது மிக அரிது. ஆகவே இரண்டுக்கும் இடையில், அழுத்தத்துக்கு வளைந்துகொடுத்து மேடுபள்ளங்களை நிரப்பும் மெல்லிய பொருள் ஒன்றை வைக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் நம் பட்டறைகளில் பேக்கிங் என்றும் கேஸ்கட் என்றும் சொல்லுகிறார்கள். எஞ்சினின் தலைப்பாகத்துக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை தீ வெடிக்கிறது; அந்தத் தீக்கு விரற்கடை தூரத்தில் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது; அதற்கருகிலேயே எண்ணெய் ஏறுகிறது; இம்மூன்றும் ஒன்றையொன்று தீண்டாமல் காப்பது அந்த ஒற்றைத் தகடு. அது விட்டுக்கொடுத்தால் எண்ணெய் பாலேடு போல வெளுக்கும்; ரேடியேட்டரில் குமிழி கொப்பளிக்கும்; புகைக்குழாயில் வெண்புகை வரும். (பழைய ஹெட் கேஸ்கட்டுகள் பலவற்றில் செம்புத் தகடுகளின் நடுவே கல்நார் உண்டு. அதை உலர்ந்தபடி சுரண்டித் தூசியைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரமாக்கித்தான் எடுக்க வேண்டும். எந்தப் பட்டறையிலும் அவசரம் மிகுதியாக இருப்பதால் இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.)

மேல் மூடிக்கும் அடித்தொட்டிக்கும் போடுகிற தக்கை பேக்கிங்கின் கதை வேறு. சூட்டில் அது வறண்டு, சுருங்கி, கெட்டிப்பட்டுப் போகிறது. ஓரத்தில் எண்ணெய் வேர்க்கத் தொடங்குகிறது. அந்த வேர்வையைக் கண்டவுடன் மனிதன் செய்யும் முதற்காரியம் ஸ்பானரை எடுப்பதுதான். "இன்னும் ஒரு சுத்து வைக்கட்டுமா சார்?" என்று பட்டறைப் பையன் அன்போடு கேட்கிறான். அந்த ஒரு சுற்றில் தக்கை பிதுங்கிப் பிளக்கிறது. தகர மூடியின் விளிம்பு போல்ட்டுக்குப் போல்ட் குழிந்துவிடுகிறது. பிறகு புது பேக்கிங் போட்டாலும் அது சரியாக உட்காருவதில்லை. தட்டு வைத்துவிட்டுப் பழகிக்கொள்வதும், ஸ்பானரால் மேலும் மேலும் இறுக்குவதும், பார்வைக்கு எதிரெதிரான குணங்களாகத் தோன்றினும், திறந்து பார்க்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக மனம் கண்டுபிடித்த இரண்டு வழிகளே என்று எனக்குப் படுகிறது. திறந்தால் நாள் போகும். திறந்தால் எதிர்பாராத வேறொரு பழுதும் கண்ணில் படும். அதற்குப் பயந்துதான் நாம் அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுகிறோம்.

ஆயினும், கசிகிற பேக்கிங்கிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது: அது முறையிடுகிறது. தரையில் விழும் கறை, அளவுகோலில் இறங்கும் எண்ணெய், சூடேறியதும் எழும் வாடை, இவையெல்லாம் அதன் பாஷை. இந்த முறையீடு கிடைக்காத உறுப்புகளைப் பற்றியே நான் அதிகமாகக் கவலைப்படுகிறேன். அவற்றில் முதன்மையானது பெட்ரோல் ஹோஸ். பின்புறத்து டாங்கியிலிருந்து வரும் உலோகக் குழாய் வண்டியின் உடலோடு அசையாமல் கட்டப்பட்டிருக்கிறது. எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின் மேல் ஓயாது குலுங்குகிறது. அசையாத ஒன்றுக்கும் அடங்காத ஒன்றுக்கும் இடையில், இரண்டு பக்கத்து இழுப்பையும் தான் வாங்கிக்கொண்டு எரிபொருளைக் கடத்துவது ஒரு சாண் ரப்பர்க் குழாய். வெளித்தோற்றத்தில் அது வருஷக்கணக்காக ஒரே மாதிரிதான் கறுப்பாக இருக்கும். ஆனால் உட்சுவர் செதில் செதிலாக உதிர்ந்து வடிகட்டியையும் கார்புரேட்டரின் ஜெட்டையும் அடைத்துக்கொண்டிருக்கலாம். கிளிப் இறுகப் பிடித்த இடத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கலாம். குழாயை விரலால் வளைத்தால் ஒழிய அந்த வெடிப்பு வாய் திறக்காது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும், சில நூறு டிகிரி காய்கிற எக்ஸாஸ்ட் மானிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அங்கே குழாய் விட்டுப்போனால், அதன் முதல் முறையீடே நெருப்பாக இருக்கக்கூடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நல்ல குழாய் ஒன்று, தன்மேல் யாதொரு குற்றமும் இல்லாமலே தகுதியற்றதாகிவிடலாம். நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது படிப்படியாக ஏறி, 2022-இல் 10 சதவீதத்தை எட்டி, 2023 முதல் 20 சதவீதக் கலவையும் விற்பனைக்கு வந்து பரவிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. பழைய இரும்பு டாங்கிக்குத் துருவைத் தரக்கூடியது. முன்காலத்துப் பெட்ரோலை மனத்திற்கொண்டு செய்த ரப்பரை ஊதவும் மெலியவும் வைக்கக்கூடியது. குழாய் தன் கடமையில் வழுவவில்லை. அதன் வழியே ஓடும் பொருள்தான் அதைக் கேட்காமல் மாறிவிட்டது. அதனால்தான், பார்வைக்குப் பழுதில்லாத ஹோஸையும், எத்தனாலைத் தாங்கும் தரத்துக்கு மாற்றிவிடச் சொல்லி நான் நண்பர்களை வற்புறுத்துகிறேன். "நன்றாகத்தானே இருக்கிறது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பிரமாணம், இதுவரை ஒன்றும் நேரவில்லை என்பது மட்டுமே.

இந்தப் பிரமாணத்தை நாம் மனிதர்கள் விஷயத்திலும் கைக்கொண்டிருப்பதை நினைக்கும்போது என் மனம் கலங்குகிறது. பெரிய குடும்பம் எதை எடுத்தாலும், கோபித்துக்கொண்டு போகும் சித்தப்பா ஒருவர் இருப்பார். அவரைச் சமாதானம் செய்ய நாலு பேர் ரயிலேறிப் போவார்கள். அதே குடும்பத்தில், படுத்த படுக்கையான தாயையும், எவருக்கும் அடங்காத தம்பியையும், இருவருக்கும் நடுவில் நின்று, இருவர் வேகத்தையும் தான் ஏற்று நடத்திச்செல்லும் ஒரு அக்காள் இருப்பாள். அவளைப் பார்க்க ஒருவரும் விசேஷமாகப் போவதில்லை. குறை சொன்னவருக்குக் கவனமும், குறை சொல்லாதவருக்குப் பாராட்டும் என்று நாம் பங்கிட்டுவைத்திருக்கிறோம். பாராட்டு மிக மலிவானது. அது கிடைத்தபின் அவள் குறை சொல்லவும் கூசுகிறாள். முன்னே வீட்டில் பத்துப் பேர் இருந்து பகிர்ந்த பாரம், இப்போது பிள்ளைகளெல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டபின் அவள் ஒருத்தி மேல் வந்திருக்கிறது என்பதையும் நாம் கணக்கில் எடுப்பதில்லை. அவள் அவளாகவே இருக்கிறாள். அவள் வழியே ஓடுவது மாறிவிட்டது.

அவளிடம் நேரே போய்ச் சௌக்கியமா என்று கேட்பதில் பயனில்லை. "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன், நீ சாப்பிட்டியா?" என்றுதான் விடை வரும். நாலு நாள் அந்த வீட்டில் தங்கி, இராத்திரி எத்தனை முறை அவள் எழுந்திருக்கிறாள், தனக்கென்று எந்த வேளை உட்காருகிறாள், எந்தச் சொல்லுக்கு அவள் முகம் ஒரு கணம் இறுகி மீளுகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். ரப்பர்க் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடலாம். அக்காள் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே மாற்றக்கூடியது பாரம் ஒன்றுதான். எந்த மாதம் யார் வந்து தங்குவது, தாயின் இராக்காவலுக்கு ஆள் வைக்க யார் பணம் தருவது, தம்பியோடு யார் பேசுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் கூடி முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அதையும் அவள் இல்லாத இடத்தில் செய்யவேண்டும். அவள் முன்னிலையில் தொடங்கினால், ஒருவருக்கும் சிரமம் வேண்டாமென்று அவளே அதைத் தடுத்துவிடுவாள்.