நாவடக்கமும் நல்லுறவும்

பேசுவது குற்றமா, பேசாதிருப்பது குற்றமா என்னும் வினா பழமையானது. இன்று அது நம் கைப்பேசியில் புதிய வடிவில் வந்து நிற்கிறது.

1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவாயின. அக்காலம் தொட்டு, செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து நம் குடும்பங்கள் பல, வேலையை நாடிச் சென்னையின் மேற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தன. ஊரில் ஜினாலயத்தைச் சுற்றி அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தோர், இங்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி எனப் பிரிந்து வாழலாயினர். ஊரில் ஒரு வீட்டில் துயரம் என்றால் அழுகுரலே செய்தியாகிவிடும். இங்கே அப்பணியை முன்பு அஞ்சலட்டையும் தொலைபேசியும் செய்தன. இன்று வாட்ஸ்அப் குழு செய்கிறது. பல வீடுகளை ஒரு நொடியில் இணைக்கும் இவ்வசதியைப் பழிப்பது நம் நோக்கமன்று.

ஆயினும் சில திங்களுக்கு முன் நம் பகுதிக் குழுவில் நிகழ்ந்த ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. அம்பத்தூரில் பெரியவர் ஒருவர் இரவில் காலமானார். விடியலில் அவர்தம் மகன் குழுவில் செய்தி இட்டார். அதன்பின் வழக்கம்போல் காலை வணக்கப் படங்களும், பொன்மொழிகளும், மருத்துவக் குறிப்புகளும், பிறந்தநாள் வாழ்த்துகளும் வந்து குவிந்தன. துயரச் செய்தி அவற்றின் அடியில் மறைந்தது. ஓயாத ஒலியைப் பொறாமல் பலர் அக்குழுவின் ஒலியை அடக்கி வைத்திருந்தனர். நாமும் அவ்வாறே செய்திருந்தோம். பூவிருந்தவல்லியிலிருந்து நாம் சென்று சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. "எல்லோருக்கும் சொல்லியிருந்தேனே, ஐயா" என்றார் அம்மகன். நம்மிடம் மறுமொழி இல்லை.

பின்னர்க் கூடிப் பேசி, பொறுப்பாளர்கள் மட்டுமே செய்தி இடலாம் என்று விதி செய்தோம். குழு அமைதியாயிற்று. பத்து நாள் கழித்து, ஆவடியில் தனியே வாழும் அம்மையார் ஒருவரைக் காண நேர்ந்தது. "தினமும் காலையில் ஒரு வணக்கம் போடுவேன். யாராவது இரண்டு பேர் திருப்பிப் போடுவார்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரியும். என்னை நினைக்க ஆள் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அதையும் நிறுத்திவிட்டீர்களே" என்றார். நாம் வெற்றொலி என்று எண்ணியதனுள் ஒருவரது தனிமையின் குரலும் கலந்திருந்ததை அன்றே உணர்ந்தோம்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் வாத்சல்யமும் ஒன்று என்பதை நாம் அறிவோம். அறவழி நிற்போரிடத்துக் கொள்ளும் தாயன்பு அது. அதே அறம் இல்லறத்தாருக்கு அநர்த்த தண்ட விரதத்தையும், அதாவது பயனின்றித் தீங்கு தரும் செயல்களைத் தவிர்த்தலையும் விதிக்கிறது. உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று மௌகரியம், அளவிறந்த பேச்சு. மற்றொன்று அசமீக்ஷ்யாதிகரணம், ஆராயாது செயலில் இறங்குதல். வந்த செய்தியை முழுதும் படியாமலே பிறர்க்கு அனுப்பும் பழக்கத்திற்கு இவ்விரண்டும் பொருந்துகின்றன அல்லவா?

ஆராயாமை கொலையிலும் சென்று முடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. நம்மவர் பலருக்குச் சொந்த ஊர் இருக்கும் போளூர் வட்டாரத்திலேயே, அத்திமூரில், 2018 மே மாதம் அது நிகழ்ந்தது. பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்ற பொய்ச்செய்தி அந்நாளில் கைப்பேசிகள் வழியே பரவியிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வ வழிபாட்டிற்காகச் சென்ற மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அதைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அப்பொய்யை அனுப்பியோருள் பலர், பிறர் குழந்தைகளைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். நல்லெண்ணம் மட்டும் அகிம்சையாகிவிடாது என்பதை இது காட்டுகிறது. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டியது. நிறுவனம் எண்ணிக்கைக்கே வரம்பு கட்ட இயலும். உண்மையை ஆராயும் கடமை நம்முடையது.

எனவே, பேச்சை முற்றும் அடைப்பதும், கட்டின்றித் திறந்துவிடுவதும் இரண்டும் தீர்வல்ல. நம் பகுதியில் இப்போது இரண்டு குழுக்கள் இயங்குகின்றன. ஒன்று மரணம், நோய், குருதித் தேவை, ஆலய நிகழ்ச்சி ஆகியவற்றிற்கு மட்டும். அதன் ஒலியை எவரும் அடக்குவதில்லை என்று உறுதி கொண்டுள்ளோம். மற்றொன்று அளவளாவுதற்கு, அதில் விரும்பியோர் மட்டும் இருக்கலாம். துயரச் செய்தியை எழுத்தோடு நிறுத்தாமல், வீட்டிற்கொருவராகத் தொலைபேசியிலும் அழைத்துச் சொல்கிறோம்.

இந்த ஏற்பாடும் குறையற்றதன்று. ஒன்றை அனுப்பும் முன், இது மெய்தானா, இவர்களுக்கு இது வேண்டுமா என்று ஒரு கணம் எண்ணும் பழக்கம் ஒவ்வொருவரிடமும் வேரூன்றினாலன்றி எவ்விதியும் பயன் தராது. நாளை நூறு பேருக்குக் காலை வணக்கப் படம் அனுப்பும் நேரத்தில், தனித்து வாழும் ஒருவரை அழைத்து, "உணவு உண்டீர்களா அம்மா?" என்று கேட்போமாக. வாத்சல்யத்திற்கு அதுவே போதும்.