கணக்கு யார் கை வழியாக வந்தது?

எம்.காம். இரண்டாம் ஆண்டுக்கு நான் எடுக்கும் தாள் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு. விகிதங்களையெல்லாம் பி.காமிலேயே போட்டுப் பழகிவிட்டுத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். நடப்பு விகிதம் கேட்டால் சிலர் கால்குலேட்டரைத் தொடாமலே சொல்லிவிடுவார்கள். பிறகு முதுகலையில் கற்க என்ன மிச்சம்? ஒருவர் சொன்னதை எந்த நிலையில் அறிவாக ஏற்கலாம் என்ற கேள்விதான் மிச்சம். இது வணிகவியல் துறைக்குச் சொந்தமான கேள்வி அல்ல. நம் தருக்கர்கள் இதை வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகளைச் சந்திக்கும்போது, முதலில் பேசும் அளவைவாதி அறிவதற்குப் பத்து வழிகளை அடுக்குகிறான். காஞ்சியில் அறவண அடிகளோ காட்சியும் கருதலும் என இரண்டே போதும் என்கிறார். அருணந்தி சிவாசாரியார் உரையையும், அதாவது நம்பத்தக்கவர் சொல்லையும், சேர்த்து மூன்றில் எல்லாவற்றையும் அடக்குவார். கம்பெனிக் கணக்கை வாசிக்கிறவருக்கு இந்த மூன்றில் காட்சி கிடையாது. அவர் அந்த இயந்திரத்தைப் பார்த்ததில்லை, சரக்கைத் தொட்டதில்லை. அவர் கையில் இருப்பது நிர்வாகத்தின் உரை, அதன்மேல் ஆடிட்டரின் கையெழுத்து என்னும் இன்னோர் உரை. விகிதப் பகுப்பாய்வு என்பது அந்த உரைமேல் எழுப்பும் கருதல்தான்.

உரையை நம்புவது எப்படி என்பதில் மீமாம்சகருக்கும் நையாயிகருக்கும் தீராத வழக்கு. அறிவு தோன்றும்போதே செல்லும், அதைக் கெடுக்கும் காரணம் வந்தால் மட்டும் கைவிடு என்பது குமாரிலர் கட்சி. அது செல்லும் என்பதற்கே வெளியிலிருந்து சான்று வேண்டும் என்பது நியாயக் கட்சி. ‘அந்தச் சான்றுக்கு எது சான்று?’ என்று மீமாம்சகர் மடக்குவார். அவர் கேட்பதும் சரிதான்.

தணிக்கையின் வரலாற்றிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில் மேலாளர் பஞ்சு, நூல் இருப்பைக் கூட்டிக் காட்டிச் சான்று கொடுத்தார். ஆடிட்டர்கள் அதை அப்படியே ஏற்றார்கள். 1896-ல் நீதிமன்றம் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. தணிக்கையாளர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்றார் நீதிபதி லோப்ஸ். சுத்தமான மீமாம்சை! அமெரிக்காவில் 1938-ல் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் மருந்துக் கம்பெனி காட்டிய கனடா கிடங்குகளில் சரக்கே இல்லையென்று தெரிந்தபின் காற்று திரும்பியது. சரக்கை நேரில் பார், கடன்பட்டவரிடம் நேரே கேட்டு எழுது என்று மறு வருடமே விதி வந்தது.

கல்லூரிக்கு வருமுன் நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள். அரிசி ஆலைகளுக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வரும், கோடவுனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அட்டியின் நீளத்தில், அகலத்தில், உயரத்தில் மூட்டைகளை எண்ணிப் பெருக்கினால் கணக்கு இம்மி பிசகாமல் வரும். எங்கள் மேலாளர் பெருக்கியதோடு விடமாட்டார். வேட்டி கட்டிய ஆளாக இருந்தாலும் ஏணி போட்டு மேலே ஏறி, நடுவில் கால் வைத்துப் பார்ப்பார். சுற்றிலும் மூட்டை, நடுவே குழி என்றால் மேலிருந்துதான் தெரியும். பிறகு குத்தூசியை வாங்கி, ஆலைக்காரர் காட்டும் மூட்டையை விட்டுவிட்டு, அவராக ஒன்றைத் தேர்ந்து குத்துவார். வருவது அரிசியா தவிடா என்று உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். மூட்டையைத் தேர்ந்தது யார் என்பதில்தான் சூட்சுமம்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸை வகுப்பில் அந்த இடத்தில் வைத்துத்தான் எடுப்பேன். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, புத்தகத்தில் இருந்த ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம். செப்டம்பர் காலாண்டில் 24 சதவீதமாகக் காட்டிய இயக்க இலாபம் உண்மையில் 3 சதவீதம். அந்த 24 சதவீதம் மென்பொருள் துறையில் யார் கண்ணையும் உறுத்தாத எண். இவ்வளவு டெபாசிட் இருந்தால் வட்டி எங்கே என்று கேட்கத் தோன்றும். அதற்கும் 376 கோடி வட்டி சேர்ந்ததாக எழுதி வைத்திருந்தார்கள். புகையைக் கண்டு நெருப்பைக் கருதச் சொல்லும் தருக்க நூல், புகையையும் சேர்த்துத் தயாரிப்பவனிடம் என்ன செய்யும்? வங்கியிடம் ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் போதும். ஆனால் அந்த உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் ஆடிட்டர்கள் கம்பெனியின் கையிலேயே விட்டிருந்தார்கள் என்று 2011-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கண்டறிந்தது. சான்று வெளியிலிருந்து வர வேண்டும் என்ற நியாயக் கட்சியின் விதி காகிதத்தில் நிறைவேறிவிட்டது. மூட்டையைத் தேர்ந்தவர் மட்டும் ஆலைக்காரர்.

“எல்லாத்தையும் சந்தேகப்பட்டா ஒரு ஷேர்கூட வாங்க முடியாதே மேடம்?” என்றாள் ஒரு மாணவி. சந்தேகப்படச் சொல்லவில்லை. எண்களை ஏற்காமல் ஒரு விகிதம்கூடப் போட முடியாது, தொடக்கத்தில் எல்லாரும் மீமாம்சகர்தான். ஆனால் நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவருக்கு இரண்டே தகுதி வைத்தார்: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்லும் எண்ணம் வேண்டும். ரிஷியானாலும் மிலேச்சரானாலும் பேதமில்லை. நிர்வாகத்துக்கு முதல் தகுதி எப்போதும் உண்டு. ஆடிட்டருக்கு இரண்டாவது இருக்கும், முதலாவதை அவர் தேடிப் போய்ச் சம்பாதிக்க வேண்டும். எந்த எண்ணுக்கு யாரிடம் எந்தத் தகுதி குறைகிறது என்று பார்ப்பதைத்தான் நான் பகுப்பாய்வு என்கிறேன். பாடத்திட்டம் அப்படிச் சொல்லவில்லை, அது கிடக்கட்டும்.

இதற்காக ஒரு பயிற்சி கொடுப்பேன். இருப்புநிலைக் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை முதலில் அறிந்தவர் யார், யார் கை வழியாக நமக்கு வந்தது என்று எழுத வேண்டும். வங்கி இருப்பு, கடன், வரி எல்லாம் சுலபம். தகராறு வருவது நற்பெயர் மதிப்பில். எந்தக் கோடவுனிலும் ஏறிப் பார்க்க முடியாத, யாருக்கும் கடிதம் போட்டுக் கேட்க முடியாத சொத்து அது. ஒரு பையன் ‘காட்சியும் இல்லை, சாட்சியும் இல்லை’ என்று எழுதிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். அந்த மாணவி விடவில்லை. ஐந்து வருடம் முன்பு இதே நிர்வாகம் போட்ட மதிப்பீடுகளை அதற்குப்பின் நடந்ததோடு ஒப்பிட்டால், இரண்டாவது தகுதி இருக்கிறதா என்று தெரிந்துவிடுமே என்றாள். “அஞ்சு வருஷம் நேர்மையா இருந்துட்டு ஆறாவது வருஷம் ஆரம்பிச்சா?” என்றான் அவன். மணி அடித்த பிறகும் இருவரும் வராந்தாவில் அதையே பேசிக்கொண்டு போனார்கள்.