நோவு தீர்ப்பது தெய்வத்துக்கு விரோதமா?

குன்றைக் குடைந்த கோயிலில் முருகன் எழுந்தருளியிருக்கும் வள்ளியூரில், பெரிய ஆபரேஷனுக்காகப் பாளையங்கோட்டைக்கோ நாகர்கோவிலுக்கோ புறப்படும் நோயாளியிடம், "முதுகுல ஊசி போட விடாத, ஆயுசுக்கும் இடுப்பு வலிக்கும், பூர்வஜென்ம வினை, முருகான்னு சொல்லிப் பொறுத்துக்கோ" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் புத்திமதி என் உள்ளத்தை வருத்துகிறது.

முதற்பகுதிக்கு விடை எளிது. அந்த ஊசி ஆயுள்காலத்து இடுப்புவலியை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. தண்டுவடத்தைப் போர்த்திய தடித்த உறைக்கு வெளியே உள்ள சிறு இடைவெளியில் மருந்தைச் செலுத்தி, வேதனை மூளைக்கு எட்டாமல் தடுக்கும் இம்முறையை, ஸ்பெயின் தேசத்து ராணுவ வைத்தியர் பிடேல் பாஹேஸ் 1921-ஆம் ஆண்டில் விவரித்து எழுதினார். அங்கே நூல்போன்ற குழாயை நிறுத்தி, மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்துவது பின்னர் வந்த வளர்ச்சி. ரத்த அழுத்தம் தாழ்தல், தலைவலி முதலிய தொல்லைகளும், அரிதாகப் பெருந்தீங்கும் நேரக்கூடுமாதலால் இது எல்லோர்க்கும் ஏற்றதன்று. எனினும், வயிறோ மார்போ திறக்கப்பட்டவர் வலிக்கு அஞ்சி மூச்சை அடக்கிக் கிடந்தால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா காணுமாகையால், மறுநாள் அவர் ஆழ மூச்சிழுத்து இருமுவதற்கு நோவு தணிந்திருப்பதே சிகிச்சையில் ஒரு பாதியாகும்.

இரண்டாம் பகுதியே கடினமானது. பிராரப்த கர்மம் அனுபவித்தே தீரவேண்டியது என்பது நம் சாஸ்திரம். ஆனால் நோய் வினையின் பயனென்றால், அதைத் தணிக்க வரும் வைத்தியரின் கையும் அவ்வினையின் பயனாகாதோ? சூலைநோய் குடலை முடக்கிய காலத்தில், மந்திரித்த நீரும் மயிற்பீலியும் பயன்படாது போகவே, இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து, தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை ஏற்று, வலி தாங்க முடியவில்லை என்று இறைவனிடமே முறையிட்டவர் திருநாவுக்கரசர். அவர் பொறுத்துக்கொள்ளவில்லை, தீர்த்தருள் என்று கேட்டார். கேட்டவரை ஈசன் கோழையென்று தள்ளாமல், நோயைத் தீர்த்து ஆட்கொண்டான் என்கிறது பெரியபுராணம். வலியினின்று விடுதலை கோரிய அம்முறையீடே அவருடைய தேவாரத்துக்குத் தொடக்கமாயிற்று.

முருகனுக்கு அலகு குத்திக்கொள்ளும் அடியார் வலியேற்கிறாரே என்பர். அது அவர் மனமுவந்து பூண்ட விரதம். விரும்பிய கணத்தில் விலகவும் அவருக்கு உரிமையுண்டு. கட்டிலில் கிடப்பவர் எந்த நேர்த்தியையும் நேர்ந்துகொள்ளவில்லை. பிறர் பொறுமையை நாம் நேர்ந்துகொள்வது பக்தியாகாது. அது கருணையின்மை என்றே நான் துணிகிறேன். 1847-இல் எடின்பரோவில் சிம்ஸன் என்ற வைத்தியர் பிரசவ வேதனைக்குக் குளோரோபாரம் கொடுத்தபோதும் கிறிஸ்தவ வேதத்தைக் காட்டித் தடுத்தவர்கள் இருந்தார்கள். ஆதாமை ஆழ்ந்த நித்திரையில் ஆழ்த்திய பின்னரே கர்த்தர் விலாவெலும்பை எடுத்தார் என்று, அவ்வேதத்தைக் காட்டியே அவர் மறுமொழி சொன்னார்.

ஆகவே வள்ளியூர்ப் பெரியவர்களே, ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைக்குத் திருநீறு பூசி அனுப்புங்கள். முதுகு ஊசி தனக்கு ஏற்றதா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்கவும், வலித்தால் கூசாமல் நர்ஸிடம் சொல்லவும் அப்போதே சொல்லி அனுப்புங்கள்.