மொட்டைக் கடிதமும் ஊழ்வினையும்

ஓர் ஊரில் அநியாயமாக ஓர் உயிர் போனால் பழி ஒருவரைச் சேருமா, ஊரையே சேருமா? போர்க்காலத்தில் எழுதப்பட்ட ஆங்கிலக் கிராமத்துத் துப்பறியும் கதைகளின் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது. குண்டுவீச்சில் ஆயிரக்கணக்கானோர் மாண்டுகொண்டிருந்த ஆண்டுகளிலும் இக்கதைகள் ஒரே ஒரு சடலத்தின் முன் நின்று, கொன்றவர் யார் என்று விடாமல் கேட்டன. ஒவ்வோர் உயிருக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது. அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

அகதா கிறிஸ்டியின் ‘தி மூவிங் ஃபிங்கர்’ 1942இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் நூலாக வந்தது. விமான விபத்தில் அடிபட்ட இளைஞர் ஒருவர் உடல் தேறுவதற்காக லிம்ஸ்டாக் என்ற சிற்றூருக்குத் தங்கையுடன் வருகிறார். போரைப் பற்றிக் கதையில் ஏறக்குறையப் பேச்சே இல்லை. வந்த சில நாளில் மொட்டைக் கடிதம் வருகிறது. பழைய புத்தகத்திலிருந்து வெட்டிய அச்செழுத்துகளை ஒட்டி, இவர்கள் உடன்பிறந்தவர்களே இல்லை என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு அப்படிக் கடிதம் போகிறது. ஊர் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறது. கடைசியில் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள் உடைக்கும் உண்மை இதுதான்: மனைவியைக் கொல்லத் திட்டமிட்ட வழக்கறிஞர் ஒருவர், அவள் சாவைத் தற்கொலையாகக் காட்டுவதற்காகவே ஊருக்கெல்லாம் கடிதம் எழுதினார். ஊரின் வன்மம் என்று தோன்றியது ஒரு தனிமனிதரின் சூழ்ச்சியாக முடிகிறது. அவரைப் பிடித்ததும் ஊர் தூய்மையாகிவிடுகிறது.

இந்த முடிவில் வாசகருக்கு ஏன் இவ்வளவு நிம்மதி என்பதைக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் ‘தி கில்ட்டி விகரேஜ்’ என்ற கட்டுரையில் ஆராய்ந்தார். ஆடன் கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர், துப்பறியும் கதைகளை விட முடியாமல் படித்தவர். தன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்ற உறுத்தலோடு வாழும் மனிதர், குற்றம் வேறொருவர் மேல் உறுதியானதும் தான் மாசற்றவர் என்ற கற்பனையில் இளைப்பாறுகிறார். ஆதாம் ஏவாள் இழந்த ஏதேன் தோட்டம் சிறிது நேரத்துக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆடன் சொன்னதன் சாரம் இது. போர்க்காலத்தில் அந்த ஏக்கம் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

கிறிஸ்டியின் கதை இங்கிலாந்தில் நூலாக வந்த அதே 1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில் ஆன்றி-ஜார்ஜ் க்ளூஸோ ‘லெ கோர்போ’ என்ற படத்தை எடுத்தார். அங்கும் ஒரு சிற்றூர், அங்கும் மொட்டைக் கடிதங்கள். ஆனால் ஒருவரைப் பிடித்துவிட்டால் தீரும் நோயாக க்ளூஸோ அதைக் காட்டவில்லை. ஒரு காட்சியில் முதிய மருத்துவர் தொங்கும் மின்விளக்கை ஆட்டிவிடுகிறார். வெளிச்சமும் இருளும் சுவரில் மாறி மாறி விழ, நன்மை எங்கே முடிகிறது, தீமை எங்கே தொடங்குகிறது என்று இளைய மருத்துவரிடம் கேட்கிறார். விளக்கை நிறுத்தக் கை நீட்டிய இளையவரின் விரல் சுட்டுவிடுகிறது. உண்மைக்கு நெருக்கமானது இந்தப் படமே. ஈழத்தமிழர் பலர் இன்று குடியிருக்கும் பாரிஸ் புறநகர் லெ பிளாங்-மெனிலை ஒட்டிய திரான்சியில் 1941 முதல் 1944 வரை தடுப்பு முகாம் இருந்தது. அங்கிருந்து சுமார் 63,000 யூதர்கள் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டனர். பிடிபட்டவர்களில் அக்கம்பக்கத்தார் எழுதிக் காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். முகாமைக் காவல் காத்தவர்கள் பிரெஞ்சு ஜாந்தார்ம் காவலர்கள். அங்கே ‘கொலையாளி’ என்று ஒருவரைச் சுட்டிக்காட்டிக் கதையை முடிக்க வழியில்லை.

தமிழுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கொல்லப்பட்ட தன் கணவன் கோவலன் கள்வன் அல்ல என்ற வழக்கைத் தடயத்தை வைத்தே வெல்கிறாள்: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். குற்றம் நிரூபணமாகிறது, அரசன் தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். கிறிஸ்டியின் கதை இவ்விடத்தில் முடிந்திருக்கும். இளங்கோ முடிக்கவில்லை. மதுரை எரிகிறது. பிறகு மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. கலிங்கத்தில் சிங்கபுரத்துக்கும் கபிலபுரத்துக்கும் போர் நடந்த காலம். கபிலபுரத்து வணிகன் சங்கமன், மனைவி நீலியோடு சிங்கபுரத்தில் ஒளிந்திருந்து நகை விற்கிறான். அவனைப் பகைவரின் ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன் பரதன். அந்தப் பரதனே கோவலனாகப் பிறந்தான். போர்க்காலத்தில் சொன்ன ஒரு பொய், பிறவி தாண்டி வந்து சொன்னவனையே கொல்கிறது.

ஊழ் என்று சொல்லிவிட்டால் கோவலன் மேல் பழி சுமத்திய பொற்கொல்லனும் ஆணையிட்ட பாண்டியனும் தப்பிவிடுவார்களே என்று கேட்கலாம். காப்பியம் அவர்களைத் தப்பவிடவில்லை. கோவலனுக்கு ஏன் இது நேர்ந்தது என்பதற்கு ஊழ் காரணம் சொல்கிறது. விசாரிக்காமல் ஆணையிட்ட அரசனின் பிழை அப்படியே நிற்கிறது. இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்திருப்பதே இளங்கோவின் அறத்தெளிவு. அதே நூலில் அச்சமூட்டும் செய்தி ஒன்றும் உண்டு: அடுத்து வந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு குலமே பலி. ‘ஊருக்கே பங்கு’ என்ற எண்ணம் கூட்டுத் தண்டனையாகத் திரியும்போது அது முதல் குற்றத்தைவிடக் கொடியது.

ஈழப்போர் இவை எல்லாவற்றையும் திரும்பக் கண்டது. சுற்றிவளைப்பில் முகமூடி போட்ட ஆள்காட்டியான ‘தலையாட்டி’ தலையசைத்தால் போதும், இளைஞர் ராணுவ வண்டியில் ஏற்றப்பட்டார். மறுபுறம் ‘துரோகி’ என்ற அட்டையோடு மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடல்களும் உண்டு. ராஜினி திராணகம உள்ளிட்டோர் எழுதிய ‘முறிந்த பனை’ என்ற நூல் எதிரியைச் சுட்டியதோடு நிற்காமல் சமூகத்தின் மௌனத்தையும் கணக்கில் எடுத்தது. ராஜினி 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் பாரிஸின் லாச்சப்பலிலும் லெ பிளாங்-மெனிலிலும் இன்று முதியவர்களாகிவிட்டார்கள். யார் கொன்றார்கள் என்பதோடு, யார் சொன்னார்கள், யார் விசாரிக்காமல் நம்பினார்கள் என்பதையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.