இடம் கொடுக்கும் தர்மம்



திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. ஊருக்குப் புதியவரான பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் நனைந்தபடி வந்து இடம் கேட்கிறார். "ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், வாருங்கள்" என்று முன்னவர் எழுந்து உட்காருகிறார். பிறகு பேயாழ்வார் வருகிறார். "இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம்" என்று எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அப்போது நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார். அவரே பெருமாள். அந்த ஆழ்வார்கள் பாடிய மூன்று திருவந்தாதிகள் அந்த நெருக்கத்தில்தான் பிறந்தன.

பொய்கையார் தனியே கால்நீட்டிப் படுத்திருந்தபோதே பெருமாள் வந்திருக்கலாமே? வரவில்லை. அடுத்தவருக்காக ஒவ்வொருவரும் தம் இடத்தைச் சுருக்கிக்கொண்ட பிறகுதான் வந்தார்.

அந்த இடைகழியிலிருந்து நம் தெருவுக்கு வருவோம். நம் நாட்டில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. வடலூரில் 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியவர் இரவு எங்கே படுப்பார் என்று நாம் கேட்பதில்லை. கடைகளின் ஷட்டர் இறங்கியபின் சென்னைப் பாரிமுனைப் பக்கம் போய்ப் பாருங்கள். மூட்டை தூக்கியவர், வண்டி இழுத்தவர், பிளாஸ்டிக் பொறுக்கியவர் என்று பகலெல்லாம் உழைத்தவர்களே பிளாட்பாரத்தில் பாய் விரிக்கிறார்கள். மழை வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வயதுப் பெண்ணை வைத்திருக்கும் தாய்க்குத் தூக்கம் ஏது? 2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இப்படி வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேல்.

பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்கள் நடத்துகிறது. அப்படியானால் அக்கம்பக்கத்தாரான நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில், நம் தெருவில் படுப்பவரிடம் பேசுங்கள். "ஐயா, உங்க பேரென்ன? ஊர் எது?" என்று கேளுங்கள். பல வருஷமாக அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். காப்பகத்துக்கு வர அவர் சம்மதித்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். வர மறுத்தால் கோபிக்காதீர்கள். பிழைப்பும் உறவும் அந்தப் பிளாட்பாரத்தைச் சுற்றியே இருக்கலாம். வீடில்லாதவருக்கும் ஓட்டுரிமை உண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்துப் பட்டியலில் சேர்க்க விதி இருக்கிறது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள்.

மனம் கலங்கி அலைபவரைக் கண்டால் கல்லெறியும் பிள்ளைகளைத் தடுங்கள். அவரைக் காத்து மருத்துவரிடம் சேர்ப்பதைக் காவல்துறையின் கடமையாக 2017 மனநலச் சட்டம் வைத்திருக்கிறது. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 1993-இல் சென்னையில் தொடங்கிய பானியன் அமைப்பு, இப்படித் தெருவில் கிடந்த பெண்கள் பலருக்குச் சிகிச்சை தந்தது. போக இடமில்லாதவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்துக் குடிவைத்தது. வாடகைக்குக் கொடுக்க ஒரு வீட்டுக்காரர் மனம் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் இருந்தார். இவ்விரண்டும் இல்லாவிட்டால் அந்தச் சிகிச்சை முழுமை பெற்றிருக்காது.

இடம் கொடுப்பதுதான் கடினமான தர்மம். சோறு கொடுத்தால் வாங்கியவர் போய்விடுவார். இடம் கொடுத்தால் நாளைக் காலையிலும் நம் கண்முன் இருப்பார். அதனால்தான் "காப்பகம் வரட்டும், ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம்" என்கிறோம். நாளை உங்கள் தெருவில் காப்பகம் கட்டுவதை எதிர்த்து மனு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்தில் எழுந்து, "இங்கேயே வரட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். அந்த மனத்தைப் பெருமாள் நம் எல்லோருக்கும் அருளட்டும்.